முக்கால் நிமிட ஆசை

சூரிய கிரகணம் என்றால் நம் வீடுகளில் என்னவெல்லாம் நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தயிர்ப் பாத்திரத்தில் தர்ப்பைப் புல் விழும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவள் அறை ஜன்னல்கூட மூடப்படும். கிரகணம் விட்டதும் எல்லோருக்கும் குளியல். பக்கத்து வீட்டில் உலக்கையை நிறுத்திப் பார்ப்பார்கள். (உலக்கை எந்த நாளிலும் நிற்கும், நிறுத்துகிறவருக்குக் கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.) அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து கிரகணம் பார்ப்பதற்கென்றே பணம் கட்டி, ரயிலேறி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போன ஒரு பையனையும் அவன் அம்மாவையும் பற்றியது இது.

பையன் அப்போது சென்னையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தான். ஆனால் கிரகண ஆசை அவனுடையது இல்லை, அவன் அப்பாவுடையது.

அப்பா தபால் ஆபீஸில் குமாஸ்தா. 1980 பிப்ரவரி 16 அன்று கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் முழு சூரிய கிரகணம் தெரிந்தது. சென்னையில் பாதிக்கு மேல் மறைந்ததே தவிர முழுசாக மறையவில்லை. கல்யாணமான புதிதில், வீட்டில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, அப்பா மட்டும் கண்ணாடித் துண்டில் விளக்குப் புகை பிடித்து எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். (அந்தக் காலத்தில் அப்படிப் பார்த்தார்கள். இப்போது யாரும் பார்க்கக் கூடாது. ஏன் என்று பின்னால் வரும்.) அம்மா கீழே இருந்து கத்திப் பார்த்தாள், அழுது பார்த்தாள். அவர் இறங்கி வந்து சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "முழுசா மறையற ஊருக்கு ஒரு தடவை போகணும்."

போகவில்லை. 1995 அக்டோபர் 24 கிரகணம் ராஜஸ்தான், ஆக்ரா, வங்காளத்து டயமண்ட் ஹார்பர் என்று போனது. அந்த வருஷம் மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ். 1999 ஆகஸ்ட் 11 கிரகணம் குஜராத் பக்கம் வந்தது. அந்த வருஷம் வீட்டு வாடகை அட்வான்ஸ். "அடுத்தது 2009" என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2008 ஜனவரியில் மாரடைப்பில் போய்விட்டார். அவர் பீரோவில் இருந்த பழைய டைரி ஒன்றின் கடைசிப் பக்கத்தில் 22-7-2009 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தது.

சரி, கிரகணம் என்ன பெரிய அதிசயம்? ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பேப்பரில் வருகிறதே என்று கேட்கலாம். பேப்பரில் வருவதில் பெரும்பாலானவை பகுதி கிரகணங்கள். முழு கிரகணம் வேறு ஜாதி. சூரியனின் விட்டம் நிலாவைப்போல சுமார் 400 மடங்கு. சூரியன் இருக்கும் தூரமும் கிட்டத்தட்ட அதே 400 மடங்கு. அதனால் இங்கிருந்து பார்க்கிற நமக்கு இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. நிலாவின் பாதை ஐந்து டிகிரி சாய்ந்திருப்பதால் எல்லா அமாவாசையிலும் கிரகணம் வருவதில்லை. வரும்போதும் நிலாவின் கரு நிழல் பூமியில் ஒரு நாடா மாதிரித்தான் ஓடும். நீளம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், அகலம் நூறு இருநூறு கிலோமீட்டர். அந்த நாடாவுக்குள் நின்றால்தான் முழு கிரகணம். குறிப்பிட்ட ஒரே ஊருக்கு அந்த நாடா திரும்பி வரச் சராசரியாக 375 வருஷம் ஆகும் என்பது கணக்கு. ஆகவே கிரகணம் நம்மைத் தேடி வராது. நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

2009 ஜூலை 22 நாடா காம்பே வளைகுடாவில் சூரிய உதயத்தோடு தொடங்கி சூரத், இந்தூர், போபால், வாரணாசி, பாட்னா, டார்ஜிலிங் என்று போய், பூட்டான், சீனாவின் ஷாங்காய் எல்லாம் தாண்டி பசிபிக் கடலுக்குள் போவதாக இருந்தது. பசிபிக்கில் உச்சமாக 6 நிமிடம் 39 விநாடி. இந்த நூற்றாண்டிலேயே நீளமான முழு கிரகணம் அதுதான். இதைவிட நீளமானதற்கு 2132 வரை காத்திருக்க வேண்டும்.

அம்பத்தூர் பக்கம் ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் 'சார்'. 1980-லும் 1995-லும் பார்த்தவர். பயணச் செலவு, தங்குமிடம், பார்க்கும் கண்ணாடி எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாலாயிரத்துச் சொச்சம். பையன் டியூஷன் எடுத்த பணத்தில் பேர் கொடுத்தான். வீட்டில் சொன்னபோது சண்டை வரும் என்று தயாராக இருந்தான். அம்மா வேறு ஒன்று கேட்டாள்.

"அந்த ரயில் காசி வழியாப் போகுமா?"

"மொகல்சராய் வழியாப் போகும். அங்கேருந்து காசி பக்கம்தான். ஏன்?"

"அன்னிக்கு ஆடி அமாவாசைடா."

ஆடி அமாவாசை, அதோடு கிரகணம், அதுவும் காசி. அப்பாவுக்கு இரண்டு கை எள்ளும் தண்ணியும் விட இதைவிட ஒரு நாள் கிடைக்குமா என்பது அம்மாவின் கணக்கு. அவள் விட முடியாது, பிள்ளைதான் விட வேண்டும். பையனோ அப்பாவுக்குக் கொள்ளி வைத்ததோடு சரி, முதல் வருஷத் திதிக்கே முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தவன். "கிரகணம் பாக்கறதுதான் அப்பாவுக்கு நான் செய்யற திதி" என்றான். கேட்க நன்றாக இருந்த வசனம். அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

* * *

ரயில் சங்கமித்ரா எக்ஸ்பிரஸ். மொத்தம் முப்பத்துநாலு பேர். கல்லூரிப் பசங்க, இரண்டு பேங்க் ஆபீசர்கள், ஒரு பல் டாக்டர், டெலஸ்கோப்பைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்த ஒரு எலெக்ட்ரீஷியன். மூன்று வயதான தம்பதிகளும் இருந்தார்கள். அவர்களும் அம்மா மாதிரிதான், காசிக்காக வந்தவர்கள். முதல் ராத்திரி புளியோதரை, மறுநாள் காலை மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மத்தியானம் தயிர்சாதம். நாக்பூர் தாண்டுவதற்குள் எல்லோருக்கும் எல்லோர் வீட்டு ஊறுகாயும் தெரிந்துவிட்டது.

சார் பெட்டி பெட்டியாக நடந்து பாடம் எடுத்தார். கண்ணாடியை எப்படிப் பிடிப்பது, எப்போது கழற்றுவது. விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் சுடும்போது உங்களுக்குத் தெரியாது, மறுநாள்தான் தெரியும். புகை பிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம் இதெல்லாம் வெளிச்சத்தைத்தான் குறைக்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைச் சரியாகத் தடுக்காது. அதுதான் ஆபத்து. ஆனால் சூரியன் முழுதாக மறைந்த பிறகு கண்ணாடி போட்டிருந்தால் ஒன்றுமே தெரியாது, அப்போது கழற்றியே ஆக வேண்டும். கடைசிப் பொட்டு வெளிச்சம் வைரமோதிரம் மாதிரி மின்னும், அது அணைந்ததும் கரோனா தெரியும். மறுபடி முதல் பொட்டு வெளிச்சம் வந்த உடனே கண்ணாடி.

"சார், மேகம் இருந்தா?" என்று பல் டாக்டர் கேட்டார்.

"ஜூலை மாசம், பருவமழை. மேகம் இருக்கத்தான் செய்யும். நாலு பேர் இருக்கற எடத்துல ஒருத்தருக்குக் கெடைச்சா லாபம்" என்றார் சார்.

குழு போக இருந்த இடம் தரெக்னா. பாட்னாவுக்குத் தெற்கே சுமார் முப்பது கிலோமீட்டரில் இருக்கிற சின்ன ஊர். நட்சத்திரங்களை எண்ணுவது என்ற பொருளில் வந்த பெயர் என்றும், ஆரியபட்டர் அங்கே வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார் என்றும் அந்த ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். அந்த வருஷம் அதற்கு உலகப் புகழ் வந்துவிட்டது. இந்தியாவில் நன்றாகத் தெரியப்போகும் இடம் என்று பேப்பர் எல்லாம் எழுதியது. முழு மறைப்பு அங்கே 3 நிமிடம் 48 விநாடி. காசியில் சுமார் மூன்று நிமிடம். வித்தியாசம் முக்கால் நிமிடம் போல.

இந்த முக்கால் நிமிடம்தான் விஷயம்.

இரண்டாவது நாள் ராத்திரி அம்மா பக்கத்து பெர்த்தில் இருந்து மெதுவாகக் கேட்டாள். "நீயும் எங்களோடயே இறங்கிடேன்டா. அங்கேயும் கிரகணம் தெரியுமாமே. சார்தான் சொன்னார். காலைல கங்கைல ஒரு முழுக்குப் போட்டுட்டு, அப்பாவுக்கு ரெண்டு கை தண்ணி விட்டுட்டு, அப்படியே நின்னு பாத்துக்கோ."

"அங்க முக்கால் நிமிஷம் கம்மிம்மா."

"முக்கால் நிமிஷம்தானே."

"மொத்தமே மூணு நிமிஷத்துல முக்கால் நிமிஷம்னா கால் பங்கும்மா."

கணக்கு சரி. அம்மா அதற்கு மேல் பேசவில்லை. மொகல்சராயில் ஏழு பேர் இறங்கினார்கள், வயதான மூன்று ஜோடியும் அம்மாவும். (அந்த ஸ்டேஷனுக்கு 2018-ல் பெயர் மாற்றிவிட்டார்கள்.) சார் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கண்ணாடியைத் திணித்தார். அம்மா அதை வாங்கி, விரித்துக்கூடப் பார்க்காமல் மஞ்சப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பையன் ஜன்னல் வழியாகக் கை ஆட்டினான். அவள் ஏற்கெனவே பெட்டிகளை எண்ண ஆரம்பித்திருந்தாள்.

* * *

ஜூலை 22, ராத்திரி இரண்டு மணிக்கு பாட்னா சத்திரத்தில் இருந்து இரண்டு வேன் கிளம்பியது. தரெக்னா போகும் வழியெல்லாம் வண்டிகள். ஊருக்குள் திருவிழாக் கூட்டம். மொட்டைமாடி எல்லாம் ஆள். டிவி கேமராக்கள், வெளிநாட்டுக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், வேர்க்கடலை விற்கிறவர்கள். பீகார் முதலமைச்சர் நிதீஷ் குமாரும் வந்திருந்தார். (கிரகண நேரத்தில் அவர் பிஸ்கட் தின்றதால்தான் அந்த வருஷம் வறட்சி வந்தது என்று லாலு பிரசாத் பின்னால் சொன்னார். நம் ஊர்த் தயிர்ப் பாத்திரத்துத் தர்ப்பையே தேவலை.)

மேலே பார்த்தால் ஒரு நட்சத்திரம் இல்லை. நட்சத்திரம் எண்ணும் ஊரில் எண்ண ஒன்றுகூட இல்லை.

ஐந்தரைக்கு கிரகணம் தொடங்க வேண்டும். வானம் கஞ்சித் தண்ணி நிறத்தில் இருந்தது. சூரியன் எந்தப் பக்கம் என்றுகூட உத்தேசமாகத்தான் சொல்ல முடிந்தது. எலெக்ட்ரீஷியன் டெலஸ்கோப்பை அந்த உத்தேசத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தார். ஆறு மணி. ஆறே கால். "கொஞ்சம் விலகுது சார்" என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். விலகவில்லை.

ஆறு இருபத்துநாலுக்கு, மேற்கே இருந்து யாரோ போர்வையை இழுத்து மூடுகிற மாதிரி இருட்டு வந்தது. சாயங்காலத்து இருட்டு மாதிரி இல்லை. அது பொழுது போகப்போக மெல்ல வரும். இது வந்து விழுந்தது. பக்கத்தில் நின்றவர் முகம் தெரியவில்லை. மரத்தில் காக்காய்கள் ஒரு சத்தம் போட்டு அடங்கின. மொட்டைமாடிகளில் இருந்து ஓவென்று கூச்சல். கேமரா பிளாஷ்கள் மேகத்தைப் பார்த்து மின்னின. பையன் தலையைத் தூக்கியபடியே நின்றான். ஒரு ஓட்டை, ஒரே ஒரு ஓட்டை கிடைத்தால் போதும். மனசுக்குள் விநாடி எண்ணிக்கொண்டிருந்தான். நூற்றுஎண்பது தாண்டியது. அதாவது காசியில் முடிந்திருக்கும். இனி வருவதுதான் அவன் கேட்டு வாங்கிய முக்கால் நிமிடம். அதுவும் இருட்டாகவே ஓடி முடிந்தது. பிறகு மேற்கே சாம்பல் வெளுத்தது, அவ்வளவுதான்.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பேங்க் ஆபீசர் ஒருவர், முதலிலேயே காசிக்குப் போயிருக்கலாம், எல்லாம் சரியாகத் திட்டமிடவில்லை என்று ஆரம்பித்தார். சார் எதிர்வாதம் செய்யவில்லை. ஒரு திண்ணையில் உட்கார்ந்து பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"லெ ஜென்டில்னு ஒரு பிரெஞ்சுக்காரர், தெரியுமா? 1761-ல வெள்ளி சூரியனைக் கடக்கறதைப் பாக்கப் பாண்டிச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வர்றதுக்குள்ள பாண்டிச்சேரியை இங்கிலீஷ்காரன் புடிச்சுட்டான். கடல்ல ஆடற கப்பல்ல இருந்து பாத்து ஒண்ணும் அளக்க முடியல. அடுத்தது எட்டு வருஷம் கழிச்சு. ஊருக்குத் திரும்பாம இந்தப் பக்கமே இருந்து, பாண்டிச்சேரியில ஆய்வுக்கூடம் கட்டி, 1769 ஜூன்ல காத்துக்கிட்டு உக்காந்தார். அந்தக் காலைல பாத்து மேகம். ஊருக்குத் திரும்பிப் போனா, செத்துப்போயிட்டார்னு சொத்தைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவருக்கு நம்ம எவ்வளவோ தேவலை. நமக்கு இருட்டாவது கெடைச்சுது."

பையனுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா டைரியில் போட்ட இரண்டு கோடுதான் கண்ணுக்குள் நின்றது.

* * *

வேன் பாட்னாவுக்குத் திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இந்தி. காசிப் படித்துறை, ஜனக் கடல். கீழே ஓடிய எழுத்தைப் பையன் கூட்டிக் கூட்டிப் படித்தான். நெரிசல். பலர் காயம். ஒரு வயதான பெண் மரணம்.

அம்மாவிடம் மொபைல் கிடையாது. கூடப் போன மாமி ஒருவரிடம் இருந்தது. அந்த நம்பரை அடித்தால் லைன் போகவில்லை. திரும்ப அடித்தான், போகவில்லை. சாருடைய மொபைலில் இருந்து, டாக்டருடையதில் இருந்து, எஸ்.டி.டி. பூத்தில் இருந்து என்று மாற்றி மாற்றி அடித்தான். எதிலும் கிடைக்கவில்லை. லட்சக்கணக்கான ஜனம் ஒரே ஊரில் ஒரே நேரத்தில் போன் பேசினால் அப்படித்தான் ஆகும் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். அத்தனை லட்சம் பேரில் அது அம்மாவாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று இயற்பியல் மாணவனுக்குக் கணக்குப் போடத் தெரியும். கணக்கு ஒரு பிரயோஜனமும் செய்யவில்லை. அவள் கூப்பிட்டாள், முக்கால் நிமிடத்துக்காகப் போகவில்லை. இது மட்டும்தான் மண்டையில் ஓடியது.

பதினோரு மணி சுமாருக்கு டாக்டரின் மொபைல் அடித்தது. மாமி பேசினார். எல்லோரும் சௌக்கியம், கூட்டத்துக்குப் பயந்து பெரிய படித்துறைக்கே போகவில்லை, தெற்கே ஒதுக்குப்புறமான ஒரு படியில் குளித்தோம், இந்தா அம்மாகிட்ட பேசு.

"டேய்," என்றாள் அம்மா. குரல் வேறு மாதிரி இருந்தது. "பாத்தேன்டா."

"என்னது?"

"கிரகணம். முழுசாப் பாத்தேன்டா."

காசியில் மெல்லிய மேகம் சரியான நேரத்தில் விலகியிருந்தது. ஆயுசு முழுக்கக் கிரகணத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டவள் இடுப்பளவு கங்கையில் நின்று, இருட்டியதும் எல்லோரும் கத்தியதைக் கேட்டுத் தலையைத் தூக்கியிருக்கிறாள். சூரியன் முழுசாக மறைந்திருந்த நேரம் என்பதால் கண்ணுக்கும் ஆபத்தில்லை. கண்ணாடி மஞ்சப்பையில் மடிப்புக் கலையாமல் இருந்தது. திரும்ப வெளிச்சம் வந்ததும் குனிந்து ஒரு முழுக்குப் போட்டாளாம்.

* * *

திரும்பும் ரயிலில் மொகல்சராயில் ஏறினார்கள். கையில் காசிச் சொம்பு, காசிக் கயிறு. பையன் அம்மாவுக்கு ஜன்னல் ஓரத்து இடத்தைக் கொடுத்துவிட்டு எதிரே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தான்.

"எப்படி இருந்துச்சு, சொல்லு."

"சூரியன் இருந்த எடத்துல ஒரு கருப்புத் தட்டு. அவ்வளவு கருப்பை நான் பாத்ததே இல்ல. சுத்தி வெள்ளை வெள்ளையா... நரைச்ச முடியை அவுத்து விட்ட மாதிரி."

அவன் வட்டம் போட்டு, சுற்றிலும் ஒரே அளவாகக் கோடு போட்டுக் காட்டினான். அம்மா பென்சிலைப் பிடுங்கினாள். "இப்படி இல்லடா. சுத்தியும் ஒரே மாதிரி இல்ல. மேலயும் கீழயும் நீண்டு இருந்துச்சு. நேரா இல்ல, கொஞ்சம் சாஞ்சாப்ல." அவளே வரைந்தாள். பென்சில் பிடித்துப் பல வருஷம் ஆன கை. பிறகு இன்னொரு புள்ளி வைத்தாள், ரொம்ப உயரத்தில். "இங்க ஒரு நட்சத்திரம். பளிச்சுன்னு."

நட்சத்திரம் என்று அவள் சொன்னது வெள்ளிக் கிரகம். அந்த மாதம் வெள்ளி விடியலில் சூரியனுக்கு மேலே உயரத்தில்தான் இருந்தது. அது அவனுக்கு உடனே புரிந்தது. மேலும் கீழும் நீண்டது என்பதை அவன் நம்பவில்லை. 2009-ல் சூரியன் மந்தமான கட்டத்தில் இருந்தது. பதினோரு வருஷச் சுழற்சியில் புள்ளிகள் மிகக் குறைவான நேரம் அது. அப்போது கரோனா நாலா பக்கமும் விரியாது, சூரியனின் நடுக்கோட்டை ஒட்டி இரண்டு பக்கமாக நீளும். ஊர் திரும்பி அவன் பார்த்த படங்களிலும் இடமும் வலமுமாகத்தான் நீண்டிருந்தது. அம்மா ஏதோ குழப்பிக்கொண்டாள் என்று நினைத்தான்.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. படங்களை வடக்கு மேலே இருக்கும்படி திருப்பி வைத்துப் போடுவார்கள். காசியில் காலை ஆறரைக்குக் கிழக்கே நிற்கிற சூரியனுக்கு வடக்கு இடது பக்கம் போய்விடும். அப்படியானால் நடுக்கோடு கிட்டத்தட்டச் செங்குத்தாக, கொஞ்சம் சாய்ந்து நிற்கும். மேலும் கீழும், கொஞ்சம் சாய்ந்தாற்போல. எட்டாவது வரை படித்த அம்மா, ஒரு புத்தகமும் பார்க்காமல், தண்ணீரில் நின்றபடி மூன்று நிமிடத்தில் பார்த்ததைத் துல்லியமாகப் பதிவு செய்திருந்தாள். ஒரு வருஷம் படித்துத் தயாரான பிள்ளைக்கு அதைச் சரிபார்க்கும் வேலைதான் கிடைத்தது.

அந்தப் பக்கத்தைக் கிழித்து அப்பாவின் டைரியில், இரண்டு கோடு போட்ட தேதிக்கு எதிரே ஒட்டினான்.

* * *

இதில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து, 2010 ஜனவரி 15 அன்று இன்னொரு சூரிய கிரகணம். இந்தத் தடவை நாடா நம் வாசலுக்கே வந்தது: கன்னியாகுமரி, தூத்துக்குடி, ராமேஸ்வரம், அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். பொங்கலுக்கு மறுநாள், தை அமாவாசை. அவனாகவே அம்மாவைக் கேட்டான், ராமேஸ்வரம் போகலாமா என்று. விடிகாலையில் அக்னி தீர்த்தத்தில் இறங்கி அப்பாவுக்கு இரண்டு கை எள்ளும் தண்ணியும் விட்டான். நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். அம்மா கேட்டாள், அவன் செய்தான். முக்கால் நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஆனது.

பிறகு தனுஷ்கோடி மணலில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு கிரகணம் பார்த்தார்கள். மேகம் இல்லை. பிற்பகல் ஒன்றேகால் மணி சுமாருக்கு நிலா சூரியனின் நடுவில் போய் நின்றது. ஆனால் மூடவில்லை. 2009 ஜூலையில் பூமிக்கு அருகே இருந்த நிலா இப்போது தொலைவில் இருந்தது. அதனால் அளவில் கொஞ்சம் சிறுத்து, சூரியனின் விளிம்பு மோதிரமாக வெளியே தெரிந்தது. சுமார் பத்து நிமிடம் அப்படியே நின்றது. சுற்றிலும் கைதட்டல். பையனுக்குக் கண் கலங்கியது. கடைசியில் அவனுக்கும் ஒன்று கிடைத்துவிட்டது.

அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சுற்றிலும் பார்த்தாள். மணல் வெளுப்பாக, கடல் பளபளப்பாக இருந்தது.

"அழகாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா இருட்டவே இல்லியேடா. இது அது இல்ல."

கிரகணம் துரத்துகிறவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிவருவதும் இதையேதான். நூற்றில் தொண்ணூற்றொன்பது மறைந்தாலும் அது அது இல்லை.

இந்தியாவுக்கு அடுத்த முழு கிரகணம் 2034 மார்ச் 20. காஷ்மீர், லடாக் பக்கத்தை ஒட்டிப் போகிறது. பையன் அந்தத் தேதியை அப்பாவின் டைரியிலேயே எழுதி வைத்திருக்கிறான். கீழே இரண்டு கோடு. உங்களில் யாராவது குழுவாகக் கிளம்பினால் இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். எல்லோரும் ஒரே இடத்தில் நிற்காதீர்கள், மேகத்துக்கு உங்கள் பயணத் திட்டம் தெரியாது. விநாடிக் கணக்கு பார்த்து இடம் தேர்ந்தெடுக்கும்போது, பக்கத்து பெர்த்தில் இருந்து யாராவது "எங்களோடயே இறங்கிடேன்" என்று சொன்னால், இறங்கிவிடுங்கள்.